மசில் காருக்கு ஓவர்டிரைவ் போடும் முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில் அறுபதுகளின் மசில் கார் ஒன்றை, அதாவது பெரிய என்ஜின் பொருத்திய வேகக் கார் ஒன்றை, ஆசைப்பட்டு வாங்கி, முதல் ஞாயிற்றுக்கிழமையே இன்டர்ஸ்டேட்டில் ஏற்றிப் பார்த்தவர்கள் பெரும்பாலும் ஒரே முகத்தோடுதான் திரும்பி வருவார்கள். 70 மைல் வேகத்தில், அதாவது மணிக்கு 113 கிலோமீட்டரில், என்ஜின் 3,500 ஆர்பிஎம்முக்கு (நிமிடத்துக்கு இத்தனை சுற்று) மேல் அலறிக்கொண்டிருக்கும், பக்கத்தில் இருப்பவரிடம் பேச முடியாது, கை தானாகவே இல்லாத ஐந்தாவது கியரைத் தேடும். வண்டியில் கோளாறு ஒன்றும் கிடையாது. அதன் கியர் விகிதங்கள் கால் மைல் பந்தய ஓட்டத்துக்கானவை, அவ்வளவுதான்.

கணக்குப் போட்டுப் பார்த்தால் புரியும். பின் ஆக்சில் 4.10 (சக்கரம் ஒரு சுற்று சுற்ற ஷாஃப்ட் 4.10 சுற்று சுற்றும்), டயர் உயரம் 26.4 அங்குலம், நேரடி (1.00) நான்காவது கியர் என்று வைத்துக்கொண்டால், 5,500 ஆர்பிஎம்மில் வண்டி சுமார் 105 மைல் வேகத்தில் போகும். அந்தக் காலத்தில் நல்ல வேகமான மசில் கார் ஒன்று கால் மைல் கோட்டைத் தாண்டும் வேகம் கிட்டத்தட்ட அதுதான். கோட்டைத் தொடும்போது என்ஜின் தன் உச்சத்தில் இருக்க வேண்டும், அதற்குப் பிறகு என்ன ஆகிறது என்பது அந்த ஆக்சிலின் கவலை இல்லை. உங்கள் கவலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது.

ஓவர்டிரைவ், அதாவது என்ஜினைவிட ஷாஃப்டை வேகமாகச் சுற்ற வைக்கும், 1.00க்குக் கீழான கியர், ஒன்றும் புதிய சமாச்சாரம் இல்லை. 1930களிலேயே போர்க்-வார்னர் கம்பெனியின் ஓவர்டிரைவ் அமெரிக்கக் கார்களில் வந்துவிட்டது, ஐம்பதுகளில் சாதாரணக் குடும்பக் கார்களிலேயே கூடுதல் பணம் கொடுத்துப் போட்டுக்கொள்ளலாம். நான்கு கியர் மோகம் வந்ததும் அது கிழட்டு வண்டிக்கான சாமான் என்று ஆகிவிட்டது. 1973 எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகுதான் எல்லோருக்கும் மறுபடி ஞாபகம் வந்தது.

இப்போது விஷயத்துக்கு வருவோம். புதிதாக வருபவர்கள் செய்யும் தவறு, கியர்பாக்ஸையும் பின் ஆக்சிலையும் இரண்டு தனித்தனி சாமான்களாக நினைப்பது. ஒருவர் "3.73 போடு, வண்டி பறக்கும்" என்பார், இன்னொருவர் "ஐந்து கியர் பெட்டி போடு, பெட்ரோல் மிச்சம்" என்பார், இரண்டு பேர் சொன்னதையும் கேட்டு ஒன்றுக்கொன்று பொருந்தாத இரண்டு சாமானை வாங்கி வைத்துக்கொண்டு குளிர்காலம் முழுக்கக் காருக்கு அடியில் படுத்திருப்போம். நானும் படுத்திருந்தேன், அந்தக் கதை பின்னால் வருகிறது. சக்கரத்துக்குப் போய்ச் சேருவது இரண்டையும் பெருக்கிய எண்தான், அதனால் முடிவும் ஒன்றாகத்தான் எடுக்க வேண்டும்.

எடுத்துக்காட்டாக ஒரே ஒரு வண்டியைக் கடைசி வரை வைத்துக்கொள்வோம்: 1969 செவர்லே ஷெவெல் எஸ்எஸ் 396. அடிப்படை 396 கன அங்குல என்ஜின், 325 குதிரைத்திறன், 3,200 ஆர்பிஎம்மில் 410 பவுண்டு-அடி டார்க் (திருப்பு விசை). மன்சி எம்20 நான்கு கியர் பெட்டி, அதன் விகிதங்கள் 2.52, 1.88, 1.46, 1.00. பின்னால் 12-போல்ட் ஆக்சில், 3.31.

முதல் வேலை: உங்களிடம் என்ன இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள்

விற்றவர் சொன்னதை நம்பாதீர்கள். அவர் பொய் சொல்கிறார் என்பதற்காக இல்லை, ஐம்பது வருடத்தில் நான்கைந்து கை மாறிய வண்டியில் யார் எப்போது எதை மாற்றினார்கள் என்று யாருக்குத் தெரியும். முன் சக்கரங்களுக்குக் கட்டை வையுங்கள், கியரை நியூட்ரலில் விடுங்கள், ஹேண்ட்பிரேக்கை எடுங்கள், பின் சக்கரம் ஒன்றை மட்டும் ஜாக்கியில் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்துங்கள். ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் தலையை நீட்டாதீர்கள். டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. தூக்கிய சக்கரத்தைச் சரியாக இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள், ஷாஃப்ட் எத்தனை சுற்று சுற்றியது என்று இன்னொருவரை எண்ணச் சொல்லுங்கள். மூன்றே காலுக்குக் கொஞ்சம் மேலே நின்றால் 3.31, மூன்றே முக்காலுக்குச் சற்று முன்னால் நின்றால் 3.73. சக்கரம் சுழலவே மறுத்தால் உள்ளே பாசிட்ராக்‌ஷன் இருக்கிறது என்று அர்த்தம், அதாவது இரண்டு பின் சக்கரங்களையும் சேர்ந்தே சுழல வைக்கும் அமைப்பு, நல்ல செய்திதான். அப்போது இரண்டு பின் சக்கரங்களையும் தூக்கி, ஒரே ஒரு சுற்று சுற்றி எண்ணினால் போதும்.

அடுத்தது டயர். பக்கவாட்டில் அச்சடித்த எண்ணை வைத்துக் கணக்கிடலாம். 225/70ஆர்14 என்றால் 26.4 அங்குலம் வரும், பழைய எஃப்70-14 டயரும் ஏறக்குறைய அதே உயரம்தான். ஆனால் பாரம் ஏறும்போது டயர் கொஞ்சம் அமுங்கும். அதனால் தரையில் ஒரு கோடு, டயரில் ஒரு கோடு போட்டு, வண்டியை ஒரு முழுச் சுற்று உருட்டி, நகர்ந்த தூரத்தை 3.14ஆல் வகுத்தால் உண்மையான எண் கிடைக்கும். அப்படி எடுத்த எண் அச்சிட்டதைவிட ஒரு பொட்டு குறைவாகவே இருக்கும்.

இரண்டாவது வேலை: இரண்டே இரண்டு எண்கள்

முதல் எண், புறப்படும் எண். முதல் கியரின் விகிதத்தை ஆக்சில் விகிதத்தால் பெருக்குங்கள். நம் ஷெவெலில் 2.52 × 3.31 = 8.3. சாலையில் ஓட்டும் கனமான மேனுவல் வண்டிக்கு இந்த எண் 9.5க்கும் 11க்கும் நடுவில் இருந்தால் சிக்னலில் கிளட்சை எரிக்காமல் கிளம்பலாம். அதற்குக் கீழே போகப் போகக் கிளட்ச் அழும். 12ஐத் தாண்டினால் முதல் கியர் இருக்கிறது என்பதே பேருக்குத்தான், கிளம்பி ஒரு வண்டி நீளம் போவதற்குள் இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும், அழுத்தி மிதித்தால் டயர் புகைதான் மிச்சம்.

இரண்டாவது எண், நெடுஞ்சாலை எண். வேகத்தை மைலில் எடுத்து 336ஆல் பெருக்கி, ஆக்சில் விகிதத்தாலும் டாப் கியர் விகிதத்தாலும் பெருக்கி, டயர் உயரத்தால் வகுத்தால் ஆர்பிஎம். 336 என்பது மந்திர எண் ஒன்றும் இல்லை, ஒரு மைலில் உள்ள 63,360 அங்குலத்தை 60ஆலும் பிறகு 3.14ஆலும் வகுத்தால் வருவது. 70 மைலுக்கும் 26.4 அங்குல டயருக்கும் இது 891 என்று சுருங்கிவிடும், ஆக்சிலையும் கியரையும் அதோடு பெருக்கினால் முடிந்தது. நம் ஷெவெலில் 891 × 3.31 × 1.00, சுமார் 2,950.

ஆக, இந்த வண்டியின் இப்போதைய ஜாதகம்: புறப்படும் எண் 8.3, நெடுஞ்சாலை எண் 2,950. இரண்டுமே கொஞ்சம் தப்பான பக்கம். கிளம்பும்போது சோம்பல், ஓடும்போது கூச்சல்.

இதை ஆக்சிலை மட்டும் மாற்றிச் சரிசெய்ய முடியுமா? 2.73 போட்டால் 70 மைலில் 2,430 ஆகிவிடும், ஆனால் புறப்படும் எண் 6.9க்கு விழும். 4.10 போட்டால் புறப்படும் எண் 10.3, அழகு, ஆனால் நெடுஞ்சாலையில் 3,650. ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் கால் வெளியே தெரியும் போர்வை மாதிரி. நான்கு கியர் பெட்டியில், கடைசிக் கியர் 1.00 என்று இருக்கிற வரைக்கும், இந்தப் போர்வை நீளாது. ஓவர்டிரைவ் செய்வது போர்வையை நீட்டுவதுதான்.

மூன்றாவது வேலை: உங்கள் என்ஜின் எவ்வளவு குறைந்த சுற்று வரை தாங்கும்?

இதைத்தான் பெரும்பாலானோர் தவிர்த்துவிட்டுப் போகிறார்கள். ஆர்பிஎம் எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது, பெட்ரோல் அவ்வளவு மிச்சம் என்ற நினைப்பு புதிய கார்களைப் பார்த்து வருவது. புதிய காரில் கம்ப்யூட்டர் இருக்கிறது, வால்வு திறக்கும் நேரத்தையே மாற்றிக்கொள்கிறது. உங்களிடம் இருப்பது கார்புரேட்டர்.

என்ஜின் முக்கிக்கொண்டு ஓடும்போது, வேகம் குறையாமல் இருக்க ஆக்சிலரேட்டரை நீங்கள் கூடுதலாக மிதிக்கிறீர்கள். மேனிஃபோல்டில், அதாவது என்ஜினுக்குள் காற்று போகும் குழாயில், வெற்றிடம் குறைகிறது. அது குறைந்ததும் கார்புரேட்டர் "பாரம் ஏறிவிட்டது" என்று எடுத்துக்கொண்டு பவர் வால்வைத் திறந்து கூடுதல் பெட்ரோலை ஊற்றுகிறது. மிச்சம் பிடிக்கப் போட்ட கியர் கூடுதலாகக் குடிக்க வைக்கும் கதை இப்படித்தான். பெரிய கேம்ஷாஃப்ட் (வால்வுகளைத் திறந்து மூடும் தண்டு) போட்ட என்ஜினில் இது இன்னும் மோசம், குறைந்த சுற்றில் அது இழுக்கவே இழுக்காது, வண்டி முழுக்க விட்டு விட்டு உதறும்.

இதைச் செலவில்லாமல் சோதித்துப் பார்க்கலாம். வெற்றிடத்தை அளக்கும் ஒரு வேக்குவம் கேஜை இணைத்துக்கொண்டு, இப்போதுள்ள டாப் கியரிலேயே, நீங்கள் திட்டமிடும் ஆர்பிஎம்மில் ஓட்டிப் பாருங்கள். நம் ஷெவெலில் 2,000 ஆர்பிஎம் என்றால் சுமார் 47 மைல் வேகம். சமதளத்தில் ஓட்டிவிட்டு "நன்றாகத்தான் இருக்கிறது" என்று முடிவு கட்டாதீர்கள், 47இல் இருக்கும் காற்றின் எதிர்ப்பு 70இல் இரண்டு மடங்குக்கு மேல் ஆகிவிடும். லேசான ஏற்றம் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஏற்றுங்கள். கேஜ் 10 அங்குலத்துக்கு (பாதரச அளவில்) மேலேயே நின்று, என்ஜின் முனகாமல் ஏறினால் அந்த ஆர்பிஎம் உங்களுக்குச் சரி. முள் சரிந்துகொண்டே போனால் திட்டத்தை 200, 300 ஆர்பிஎம் மேலே தள்ளுங்கள். என் அனுபவத்தில், கம்பெனிக் கேம் உள்ள பெரிய வி8க்கு 2,000 முதல் 2,300 வரை வசதியாக இருக்கும். காரசாரமான கேம் போட்டிருந்தால் 2,400க்குக் கீழே ஆசைப்படாமல் இருப்பது நல்லது.

என் கதையைச் சொல்லிவிடுகிறேன். ஆக்சில் 3.07, டயர் இதே உயரம், என்ஜினில் முந்தைய உரிமையாளர் போட்ட பெரிய கேம். ஒரு கடையில் "ஐந்தாவது எவ்வளவு நீளமோ அவ்வளவு நல்லது" என்றார்கள், 0.64 ஐந்தாவது உள்ள பெட்டியை வாங்கிப் போட்டேன். 70 மைலில் 1,750 ஆர்பிஎம். காகிதத்தில் பார்க்கும்போது பெருமையாக இருந்தது. சாலையில், 80ஐத் தொடும் வரை ஐந்தாவது கியரைப் போடவே முடியவில்லை, போட்டால் கண்ணாடி அதிர்ந்து பின்னால் வரும் வண்டி இரண்டாகத் தெரியும். அடுத்த குளிர்காலத்தில் ஆக்சிலைக் கழற்றி 3.73 போட்ட பிறகுதான் 2,130க்கு வந்து சேர்ந்தது, அதுவும் அந்தக் கேமுக்கு விளிம்புதான். இந்தக் கட்டுரையில் உள்ள கணக்கைப் போட்டுப் பார்க்க எனக்கு அப்போது ஐந்து நிமிடம் ஆகியிருக்கும்.

நான்காவது வேலை: பெட்டியைத் தேர்ந்தெடுப்பது

முதலில் டார்க். எண்பதுகளின் மஸ்டாங்கில் வந்த டி5 ஐந்து கியர் பெட்டி மலிவாகக் கிடைக்கும், கையில் எடுத்தால் லேசாகவும் இருக்கும், ஆனால் அதன் தாங்குதிறன் 300 பவுண்டு-அடிக்குள்தான். 1965 மஸ்டாங்கில் 289 கன அங்குல என்ஜின் வைத்திருப்பவருக்கு அது அருமையான துணை. 410 பவுண்டு-அடி உள்ள 396க்குப் பின்னால் அதைப் போடுவது, பல் எப்போது உதிரும் என்று காத்திருப்பதற்குச் சமம்.

பெரிய என்ஜினுக்கு இன்று பலரும் போவது ட்ரெமெக் டிகேஎக்ஸ். 600 பவுண்டு-அடி தாங்கும், பழைய வண்டிகளின் தரைக்கூட்டை அதிகம் வெட்டாமல் நுழையும்படி உடலைச் சுருக்கிச் செய்திருக்கிறார்கள். மூன்று வகை விகிதங்களில் வருகிறது. முதல் கியர் 2.87, ஐந்தாவது 0.68 உள்ளது ஒன்று, அதே 2.87க்கு 0.81 ஐந்தாவது உள்ளது இன்னொன்று, முதல் கியர் 3.27, ஐந்தாவது 0.72 உள்ளது மூன்றாவது. எது நல்லது என்று கேட்காதீர்கள், உங்கள் ஆக்சிலோடு பெருக்குங்கள்.

ஷெவெலில் 3.31ஐத் தொடாமல் விட்டுவிட்டு, 3.27/0.72 பெட்டி போட்டால் புறப்படும் எண் 10.8, நெடுஞ்சாலையில் 2,120. ஆக்சிலைத் திறக்காமலே இரண்டு எண்ணும் சரியான இடத்துக்கு வந்துவிட்டன. 3.73 ஏற்கெனவே இருந்தால் 2.87/0.68 பெட்டி, 10.7, 2,260. ஏறக்குறைய அதே வண்டிதான், வேறு வழியில் வந்து சேர்ந்தது. 3.73 வைத்திருப்பவர் தெரியாமல் 3.27 பெட்டியை வாங்கினால் புறப்படும் எண் 12.2, முதல் கியர் வீண். 0.81 ஐந்தாவது யாருக்கு என்றால், வளைந்து நெளிந்த சாலையில் வேகமாக ஓட்டி ஐந்தாவதையும் இழுக்கப் பயன்படுத்துபவர்களுக்கு. நான்கிலிருந்து ஐந்துக்கு மாற்றும்போது 0.68இல் சுற்று 32 சதவீதம் விழும், 0.81இல் 19 சதவீதம்தான். ஆனால் 3.73 ஆக்சிலில் அது 70 மைலில் 2,690, கூச்சல் முழுசாகப் போகாது.

ஆட்டோமேட்டிக் வைத்திருப்பவர்களுக்கும் இதே பெருக்கல்தான். பழைய டர்போ 350 ஆட்டோமேட்டிக் பெட்டியில் முதல் கியர் 2.52, கடைசி 1.00. ஜிஎம் (செவர்லேயின் தாய் நிறுவனம்) வண்டிக்கு ஓவர்டிரைவ் என்றால் வழக்கமாக இரண்டு பெயர் வரும். 700ஆர்4 பெட்டியில் 3.06, 1.63, 1.00, 0.70. 200-4ஆர் பெட்டியில் 2.74, 1.57, 1.00, 0.67. முதலாவதில் ஒன்றிலிருந்து இரண்டுக்கு மாறும்போது சுற்று 47 சதவீதம் சரிந்துவிடும், குறுகிய வீச்சில் மட்டும் சக்தி தரும் என்ஜின் அந்தப் பள்ளத்தில் விழுந்து எழுந்திருக்கத் திணறும். எனக்கு 200-4ஆர் பிடிக்கும். விகிதங்கள் சீராக இறங்குகின்றன, நீளமும் சாதாரண டர்போ 350 அளவே என்பதால் பெரும்பாலும் பழைய ஷாஃப்டே பொருந்தும். 700ஆர்4 மூன்று அங்குலம் நீளம், ஷாஃப்டை வெட்டித்தான் ஆக வேண்டும். இரண்டிலும் டிவி கேபிள் என்று ஒன்று கார்புரேட்டரிலிருந்து பெட்டிக்குப் போகும். பெட்டிக்குள் எண்ணெய் அழுத்தத்தைத் தீர்மானிப்பது அதுதான், கிக்டவுன் கேபிள் என்று நினைத்து ஏனோதானோவென்று மாட்டினால் புதிதாகப் பிரித்துச் சேர்த்த பெட்டிகூடச் சில நூறு மைலில் கருகிப் போகும். கார்புரேட்டருக்கு ஏற்ற சரியான பிராக்கெட்டை வாங்குங்கள், அழுத்தமானியை மாட்டிச் சரிபாருங்கள், இந்த இடத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். டார்க் கன்வெர்ட்டரை வழுக்காமல் பூட்டும் லாக்-அப்பின் கம்பியையும் இணைத்துவிடுங்கள், இல்லையென்றால் ஓவர்டிரைவில் எண்ணெய் சூடாகும்.

பழைய பெட்டியை, அதுவும் வண்டியோடு பிறந்த எண்ணுள்ள பெட்டியை, கழற்ற மனம் வராதவர்களுக்கு கியர் வெண்டர்ஸ் கம்பெனியின் ஓவர்டிரைவ் யூனிட் இருக்கிறது. பெட்டியின் வால்பக்கம் மாட்டுவது, 0.78 விகிதம். 4.10 வண்டியில் 70 மைலில் 3,650 என்பதை 2,850க்கு இறக்கும். விலை கொஞ்சம் உறுத்தும், ஷாஃப்டையும் வெட்ட வேண்டும்.

ஐந்தாவது வேலை: ஆக்சிலைத் திறக்கத்தான் வேண்டுமென்றால்

நம் ஊர் மெக்கானிக் கிரவுன்-பினியன் என்பதைத்தான் அங்கே ரிங்-பினியன் என்கிறார்கள். வாங்கும் முன் கேரியரை, அதாவது ரிங் பல்சக்கரத்தைத் தாங்கும் உறையை, பாருங்கள். செவர்லே கார்களின் 12-போல்ட்டில் 3.07 முதல் 3.73 வரை ஒரே கேரியர், 2.73க்கு வேறு, 4.10க்கு வேறு. 3.31இலிருந்து 3.73க்குப் போவது பல் செட்டை மட்டும் மாற்றும் வேலை, 4.10 என்றால் கேரியரும் சேரும், அல்லது தடிமனாகச் செய்த பல் செட்டைத் தேட வேண்டும். ஃபோர்டு 9-இன்ச் வைத்திருப்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள், நடுத்துண்டு முழுதாக முன்பக்கம் கழன்று வந்துவிடும், வேறு விகிதத்தில் ஒன்றைத் தயாராக வைத்துக்கொண்டு ஒரே சனிக்கிழமையில் மாற்றலாம்.

பல் இடைவெளி 0.006 முதல் 0.010 அங்குலம், பல்லின் மேல் மை தடவிப் பார்க்கும் தடம் நடுவில் விழ வேண்டும். இதை முதல் தடவையே வீட்டில் செய்து பார்க்கிறேன் என்று இறங்காதீர்கள். கொஞ்சம் தப்பினாலும் ஆயிரம் மைலுக்கு ஊளையிடும். தெரிந்தவரிடம் கொடுங்கள், கூடவே நின்று பாருங்கள்.

மாட்டும்போது

கியர்பாக்ஸ் மாற்றுபவர்கள் மறக்கும் ஒன்று பெல்ஹவுசிங், என்ஜினையும் பெட்டியையும் இணைக்கும் கூடு. அதன் துளை கிராங்க்ஷாஃப்டின் மையத்தோடு 0.005 அங்குலத்துக்குள் ஒத்துப்போகிறதா என்று டயல் கேஜ் வைத்து அளந்தே ஆக வேண்டும், ஒத்துப்போகவில்லை என்றால் ஆஃப்செட் டவல் பின் (மையம் விலகிய பொருத்து ஊசி) போட்டு நகர்த்தலாம். பழைய நான்கு கியர் பெட்டி இந்தத் தப்பைப் பொறுத்துக்கொண்டு ஓடியிருக்கும், புதியது மூன்றாவதுக்கு மாறும்போது அடம் பிடிக்கும், நீங்கள் பெட்டியைத் திட்டுவீர்கள். கிளட்ச் தட்டின் நடுப் பல்லையும் எண்ணிப் பாருங்கள். பழைய மன்சிகளில் பெரும்பாலும் 10, டிகேஎக்ஸில் 26. ஷாஃப்ட் முனையில் பெட்டிக்குள் நுழையும் இணைப்பான யோக்கும் மாறும்.

ஷாஃப்டின் நீளத்தைப் பெட்டியை மாட்டிய பிறகு, வண்டியின் பாரம் சக்கரத்தில் நிற்கும்போது அளந்து கொடுங்கள், இணையத்தில் யாரோ சொன்ன அளவை நம்பி வெட்டக் கொடுக்க வேண்டாம். பெட்டியின் சாய்வும் பினியனின் சாய்வும் ஒன்றுக்கொன்று எதிராகச் சமமாக இருக்கட்டும், இணைப்பில் 3 டிகிரிக்குள். 60 மைலில் மட்டும் வரும் மர்ம அதிர்வுகளில் பாதி இங்கிருந்துதான் கிளம்புகின்றன.

எண்ணெயைப் பெட்டியோடு வந்த தாளில் போட்டிருப்பதுபோல ஊற்றுங்கள். மன்சிக்கு ஊற்றிய தடித்த கியர் ஆயில் மீதி இருக்கிறதே என்று ட்ரெமெக்கில் ஊற்றக் கூடாது. பின்னால் பாசிட்ராக்‌ஷன் இருந்தால் அதற்கான ஃப்ரிக்‌ஷன் சேர்மானமும் வேண்டும். புதுப் பல் செட் போட்டவர்கள் முதல் நாள் இருபது நிமிடம் நிதானமாக ஓட்டிவிட்டு முழுசாக ஆறவிடுங்கள், இரண்டு மூன்று தடவை அப்படிச் செய்யுங்கள், 500 மைலில் எண்ணெயை மாற்றுங்கள், அதுவரை சிக்னலில் பக்கத்து வண்டிக்காரர் எவ்வளவு உறுமினாலும் காதில் வாங்காதீர்கள்.

கடைசியாக ஸ்பீடோமீட்டர். ஆக்சிலோ டயரோ மாறினால் அது பொய் சொல்லத் தொடங்கும், பெட்டியின் பக்கத்தில் இருக்கும் சின்னப் பிளாஸ்டிக் பல்சக்கரத்தைப் புதிய கணக்குக்கு ஏற்ப மாற்ற வேண்டும். மாற்றிய பிறகு, போனின் ஜிபிஎஸ் சரியாக 70 காட்டும்போது டாகோமீட்டரைப் பாருங்கள். நீங்கள் காகிதத்தில் எழுதி வைத்த ஆர்பிஎம்முக்கு 50, 60 இந்தப் பக்கம் அந்தப் பக்கம் இருந்தால் டயர் அமுங்குவதால் வருவது, விட்டுவிடலாம். 300, 400 வித்தியாசம் வந்தால் மறுபடி ஜாக்கியை எடுத்து, சாக்பீஸ் கோடு போட்டு, முதலிலிருந்து எண்ணுங்கள். பெட்டியின் மேல் எழுதியிருந்த விகிதம் உள்ளே இல்லை.